கருத்தங்காத குதிரைகள்

பொருநை நதியின் மேற்கரைக்கு அப்பால் கதிரவன் மறைந்து, வளர்பிறை நிலவு நீரின்மேல் வெள்ளிக்கோடு ஒன்றை இழுக்கத் தொடங்கிய வேளையில், பாண்டியரின் குதிரை லாயமான பந்தியின் வாயிலில் ஒருவர் தலைகுனிந்து நின்றார். அவர்தாம் பந்தியின் தலைமை மருத்துவர் சாத்தன் காரியார். வாசகர்களே, அவரைச் சற்றே பேசாமல் பார்த்திருப்போம். அவரும் பேச்சை விரும்புகிறவர் அல்லர்.

கடல் கடந்து வந்த பதினெட்டுப் பெட்டைக் குதிரைகள். மூன்று ஆண்டுகளாக ஒன்றின் வயிற்றிலும் கரு தங்கவில்லை. தீவனத்தில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று முதலாண்டிலேயே காரியார் சபையில் கூறியிருந்தார். தீவனம் வைத்தவள் எயினி. அவருக்கென்று மணம் பேசி முடித்திருந்த பெண். அவள் தாய் சேர நாட்டவள் என்பதைத் தவிர வேறு சான்றை எவரும் கேட்கவில்லை. ஒற்றர் என்று அவளை நாடு கடத்தினார்கள். மணப்பெண்ணையும் விட்டுக்கொடுத்த கடமை வீரர் என்று அரசர் காரியாருக்குப் பொற்கடகம் அணிவித்தார். அதன் பிறகும் கரு தங்கவில்லை.

இன்று படைத்தலைவரான தண்டநாயகரின் அழைப்பின்பேரில் காயல் துறையிலிருந்து அரபு நாட்டுச் சோனக வைத்தியர் ஒருவர் படகில் வந்திருந்தார். முகத்தைத் துணியால் மூடி, கண்களை மட்டும் காட்டியிருந்த அவர், கார்முகில் என்ற குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கரகரத்த குரலில் கேட்டார்:

"இந்த மயிர் ஒட்டி உலர்ந்திருப்பதைக் கண்டீரா, மருத்துவரே?"

"சேற்றில் புரண்டிருக்கும்."

"உங்கள் நாட்டில் சேறு வெள்ளை நிறமோ?"

குதிரைக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

வைத்தியர் வேப்பிலை நீரில் கைகளைக் கழுவினார். வழவழப்பான கோலின் நுனியில் கொதிக்கவைத்து உலர்த்திய வெண்துணியைச் சுற்றி, கருப்பையின் வாய் வழியே மெல்லச் செலுத்தி, சற்றுப் பொறுத்து வெளியே எடுத்தார். துணியில் மஞ்சள் சீழ்; வாடை மூக்கைத் துளைத்தது.

"மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆணைத் தேட வேண்டியவை இரண்டு வாரத்திற்குள்ளேயே தேடுகின்றன அல்லவா?"

"ஆம். வேட்கை மிகுதி என்று எண்ணினேன்."

"கருப்பை அழன்று கிடக்கிறது. அங்கே கரு எப்படித் தங்கும்?"

புதுக் கோல், புதுத் துணி என்று மேலும் ஐந்து குதிரைகளைச் சோதித்தார். நான்கில் அதே சீழ். ஐந்தாவதன் துணி மட்டும் வெள்ளையாகவே வந்தது. அது ஒவ்வொரு பருவமும் ஆணோடு சேர்க்கும் நாளில் கட்டறுத்துக்கொண்டு ஓடி, நாள் தப்பிய பின் ஆற்றங்கரையில் தானே ஆணுடன் சேர்ந்த குதிரை.

"ஆண்குதிரை ஒன்றேதான். இவளுக்கு மட்டும் எது நேரவில்லை?"

காரியார் தம் வலக்கையைப் பார்த்தார். நெய்க்காப்பு! ஆணோடு சேர்க்கும் நாளில் தலைமை மருத்துவர் ஒரே கிண்ணத்து நெய்யில் வலக்கையைத் தோய்த்து, எல்லாக் குதிரைகளின் கருவாயிலிலும் வரிசையாகப் பூசுவது அப்பந்தியின் வழக்கம். நடுவே கை கழுவினால் மங்கலம் கழிந்துவிடுமாம். ஒன்றின் நோயை மற்றொன்றுக்குக் கொண்டுசென்றது அவருடைய கைதான்.

அப்போது, அயலாரை உதைத்துத் தள்ளும் கார்முகில் வைத்தியரின் தோளில் மோவாயைச் சாய்த்துக் கண்மூடியது. அது அப்படிச் சாய்ந்த தோள் ஒன்றே ஒன்றுதான்.

காரியார் குதிரைக்காரனை வெந்நீர் கொண்டுவர அனுப்பினார். அவன் அகன்றதும், "எயினி" என்றார்.

முகத்துணி விலகியது.

"நாளைச் சபையில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ திரும்பி வந்துவிடு."

"வாலைத் தூக்கிப் பாருங்கள் என்று அன்றே சொன்னேன். நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை."

"பார்க்கவில்லை."

"எல்லையில் எனக்குச் சோறு போட்டவர்கள் சேரர்கள். ஒற்றர் என்று நீங்களே பட்டம் சூட்டி அனுப்பியவளை அவர்கள் வீணாக்குவார்களா? அன்று நான் ஒற்றர் அல்லேன். இன்று ஆம். சோனக வைத்தியர் வேடம் தந்து, பாண்டியர் படைக்குக் குட்டிகள் பிறக்குமா என்று பார்த்துவரச் சொன்னார்கள். பார்த்தாயிற்று."

"பின் நோயை ஏன் எனக்குச் சொன்னாய்?"

"இவை வாயில்லாத உயிர்கள். இவற்றோடு எனக்கென்ன பகை? கொதித்து ஆறிய உப்புநீரால் கருப்பையைக் கழுவுங்கள். ஒரு பருவம் ஆணோடு சேர்க்காதீர்கள்." துணியை மீண்டும் கட்டிக்கொண்டாள். "மங்கலம் போனாலும் போகட்டும், கையைக் கழுவுங்கள்."

அவள் துறையில் இறங்கிப் படகைத் தள்ளியபோது, காவலன் வில்லோடு ஓடிவந்தான்.

"ஐயா, வைத்தியர் தண்டநாயகரிடம் விடைபெறாமலே போகிறாரே. நிறுத்தட்டுமா?"

ஒரு சொல் போதும். இன்னொரு கடகம் கிடைக்கும். காரியார் அவனைப் பாராமலே, "வேலை முடிந்தது. போகட்டும்" என்றார்.

காவலன் அகன்றதும் நீரில் இறங்கி, பொருநையை வலக்கையில் அள்ளினார். "என் கையின் குற்றத்தைச் சபையில் சொல்வேன். அன்று அவள் ஒற்றர் அல்லள் என்பதையும் சொல்வேன். இன்று எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், தலையே போனாலும் வாய் திறவேன். இது ஆணை."

நீர் விரலிடுக்குகளில் வடிந்து தீர்ந்தது. துடுப்போசையும் கேட்காமற்போன பிறகே அவர் கரையேறினார்.