மூன்றாவது ஆம்ப்ளிஃபயர்

மூன்றாவது பெட்டியும் பகல் இரண்டு மணிக்கு வந்து இறங்கியது. மலேசியாவின் திகாம் பத்து ஊரில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. டெலிவரிக்காரன் பெட்டியை வாசலில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பரஞ்சோதி நனைந்த அட்டையைக் கிழித்து ஆம்ப்ளிஃபயரை வெளியே எடுத்தார். முதல் இரண்டைப் போலவே புத்தம் புதியது. அவற்றைப் போலவே குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதுதான் எரிச்சல். ஒன்றாவது புகைந்து தொலைத்திருந்தால் காரணம் சொல்லியிருக்கலாம்.

அவரிடம் ஒரே ஒரு கேசட் இருந்தது. கரங்கான் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மனைவி குணவதி பாடியது. அவள் இறந்து நான்கு வருடம். அவள் குரலில் மிச்சம் அந்தப் பதினோரு நிமிடம்தான்.

அதை நல்ல செட்டில் கேட்கத்தான் சுங்கை பட்டாணியில் கவுஸ் பாய் கடைக்குப் போனார். ஆறு சனிக்கிழமைகள். பாய் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயராக மாட்டுவார், நடு நாற்காலியில் அவரை உட்காரவைப்பார், ஸ்பீக்கரை ஒரு விரல் நகர்த்திவிட்டு, "கேக்குதா தம்பி?" என்பார்.

ஆறாவது வாரம் கேட்டது. பாடுவதற்கு முன் குணவதி இழுத்த மூச்சு. மைக்கில் உரசிய வளையல்.

"இதான் பாய்." கண் கலங்கிவிட்டது.

"அட, அழுவாதீங்க லா. இஞ்சி டீ சொல்லியிருக்கேன், குடிங்க. நான் தொழுதுட்டு வந்துடுறேன். கடையப் பாத்துக்குங்க."

பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்த அந்த இருபது நிமிடத்தில், பரஞ்சோதி ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டார். ஆன்லைனில் அது நிறையவே மலிவு. "அடுத்த வாரம் வரேன் பாய்" என்று கிளம்பியவர், அதன்பின் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

வீட்டில் முதல் பெட்டியை மாட்டியபோது, குணவதியின் மூச்சுக்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இரண்டாவதில் டீ உறிஞ்சும் சத்தம். மூடிய அறைக்குள் இஞ்சி மணம்.

அதைவிட மோசம், குணவதியின் குரல் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே போனது. விற்றவனுக்கு இருபது முறை எழுதியிருப்பார். அணைத்துப் போடுங்கள், வயரை மாற்றுங்கள், ஐந்து நட்சத்திரம் தர மறவாதீர்கள் என்று மலாயில் பதில் வந்தது. பெட்டியும் மாறி வந்தது. வேறொன்றும் மாறவில்லை.

இப்போது மூன்றாவதை மாட்டி, கேசட்டைப் போட்டார். இரைச்சல்.

மூச்சு இல்லை. வளையல் இல்லை.

குணவதியே இல்லை.

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் ஓசை மட்டும். பிறகு, காதோரத்தில்:

"கேக்குதா தம்பி?"

கேசட்டைத் திரும்ப ஓட்டி, அதைக் கைபேசியில் பதிந்து விற்றவனுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. 'ஒலி தெளிவாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.'

வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை.

கேசட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் காரை எடுத்தார்.

கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. பாயின் மகள் சாஃபியா ஸ்பீக்கர்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தா மவுத்தாகி, அடக்கம் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சுண்ணே. கேசட்டு அண்ணன்தானே நீங்க? நீங்க வருவீங்கன்னு அந்த செட்ட யாருக்கும் விக்கல அவரு. சனிக்கிழமையானா போதும், மாட்டி வச்சிட்டு வாசலயே பாத்துட்டு இருப்பாரு."

பரஞ்சோதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அது இன்னும் மாட்டினபடியேதான் இருக்கு. கேட்டுட்டு இருங்கண்ணே. மேல போயி அசர் தொழுதுட்டு வந்துடுறேன். கடையப் பாத்துக்குங்க."

நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட் ஓடியது. மூச்சு. வளையல். பிறகு குணவதி, முழுசாக, ஒரு சொல்லும் குறையாமல். பதினோரு நிமிடமும் அழுதார்.

"மன்னிச்சிருங்க பாய்," என்று முணுமுணுத்தார்.

பாட்டு முடிந்தது. கேசட்டின் சக்கரங்கள் நின்றன. எடுப்பதற்குக் கை நீட்டினார்.

இஞ்சி மணம்.

"கேக்குதாம்மா?" என்றது இடப்பக்கத்து ஸ்பீக்கர்.

வலப்பக்கத்தில் வளையல் உரசியது. மூச்சு இழுபட்டது.

"நல்லா கேக்குது பாய். இனிமே இவருகிட்ட கடைய விட்டுட்டுப் போவாதீங்க."