உள்நோக்கி வந்த வளையங்கள்

மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் வெட்டிய தூண்டில் துளையில் நீர் வளையம் வளையமாக அசைந்தது. அதில் வியப்பில்லை. உறைந்த ஏரியின் மேல் நிற்கும் மரக்கூண்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். ஆனால் வளையங்கள் நடுவிலிருந்து விரியவில்லை. பனிக்கட்டியின் விளிம்பில் தோன்றி நடுவை நோக்கிச் சுருங்கின. அதுவும், பேச்சு நின்ற பிறகு.

லோவல் ஹாகன் அதைப் பார்த்தான். சொல்ல முடியவில்லை. கதையை எழுதியவன், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த எழுத்தாளர் வட்டத்தின் விதி. மற்றவர்களின் வாயை அடைக்க அவனே கொண்டுவந்த விதி. இன்று அவன் நாவலின் முறை.

"கடைசி அத்தியாயம் பிரமாதம்பா. அதுவரைக்கும் முழிச்சிருக்கறதுதான் பெரும்பாடு" என்றான் ரோலண்ட் பெல்கி. பல் மருத்துவன். கூண்டு அவனுடையது. மின்னசோட்டாவின் குளிர்காலம் முழுவதும் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து மீனுக்குக் காத்திருப்பதை வாழ்க்கை என்று நம்புகிறவன். எரிவாயு அடுப்பின் புகை, ஈரக் கையுறை, அவன் மெல்லும் உலர்ந்த மாட்டிறைச்சி, மூன்றின் வாடையும் சேர்ந்து வர, லோவல் மூக்கைச் சுளித்தான். இவனெல்லாம் இலக்கியம் பேச வந்துவிட்டான்.

அடுத்து மாரிட் ட்வெய்ட். பல்கலைக்கழகத்தில் நில அதிர்வு அளந்து ஓய்வு பெற்றவள். ஏரியின் அடியில் தீவு வீடுகளுக்குப் போகும் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று கிடக்கிறது. அதற்குள் ஒளியைச் செலுத்தி, சிதறித் திரும்பும் துளியைப் படித்தால், மேலே நடப்பவரின் காலடிகூடத் தெரியும் என்று ஒருநாள் காப்பி குடிக்கும்போது சொன்னவள் அவள்தான். லோவல் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். அவன் நாவலில், ஏரியின் அடியில் வாழும் ஒன்று அந்தக் கேபிளைச் சுற்றிக்கொண்டு மனிதர்களைக் கேட்கப் பழகுகிறது. பேசுகிறவனையும் நடக்கிறவனையும் தேடி வருகிறது. அசையாமல் ஊமையாக இருப்பவன் பிழைக்கிறான். நன்றிப் பக்கத்தில் மாரிட்டின் பெயர் இல்லை.

"நான் சொன்னதுல பாதிதான் உன் காதுல ஏறியிருக்கு, லோவல். சத்தத்துக்கு நடுவுல ஒரு ஆளத் தனியாப் பிரிக்கறதுதான் கஷ்டம். எல்லாம் அடங்கிட்டா, நெஞ்சு அடிக்கறதுகூடத் தெளிவா விழும். உன் கதைல அது தலைகீழா இருக்கு."

சில்லறைத் திருத்தம், என்று உதட்டைச் சுழித்தான் லோவல்.

"அப்ப நான் தப்பிச்சேன்" என்றான் ரோலண்ட். "எனக்குத்தான் வாய் மூடாதே!"

அவன் சிரிப்பு ஓய்ந்தது. துளையில் வளையங்கள் வந்தன. சிரிப்பின் அதே ஏற்றம், அதே இறக்கம். கூண்டின் அடியில் பனிக்கட்டி மெல்ல முனகியது.

தன் நாவலில் வரும் அதுவேதான் என்று லோவலுக்குப் புரிந்தது. எச்சரிக்கலாம். ஆனால் எச்சரிக்கப் பேச வேண்டும். பேசினால் அது அவனைத் தேடும். எழுதியது அவனே. தூண்டிலில் புழு மாட்டுவதற்குத் தயங்காத பல் மருத்துவன். பாதி அறிவியலை வைத்துக்கொண்டு பாடம் எடுக்கும் கிழவி. போகட்டும். கால்களை மெதுவாகப் பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டான்.

மாரிட் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ரோலண்ட், எந்திரி. பேசிக்கிட்டே வா. நிறுத்தாத."

"என்னத்தப் பேச?"

"எதையாவது! உங்கிட்ட வர்றவங்க பல்லப் பத்திப் பேசு!" லோவலின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "விதியெல்லாம் குப்பைல போடு. வாயத் திற. கத்து!"

அவள் கையைத் தட்டிவிட்டான். உதடுகளை இறுக்கிக்கொண்டு சிரித்தான். முட்டாள்கள். தங்களையே இரையாகக் கூவிக்கொண்டு போகிறார்கள்.

கதவு திறந்தது. சாயங்கால வெளிச்சம் ஒரு கணம் நீலமாக உள்ளே விழுந்தது. ரோலண்ட் கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கத்திக்கொண்டே நடந்தான். மாரிட் எண்களைச் சொல்லிக் கூவினாள். குரல்கள் கரைப் பக்கம் சிறுத்தன. அலறல் எதுவும் கேட்கவில்லை. கரையில் வண்டி கிளம்பிய ஓசை மட்டும் கேட்டது.

பிறகு அமைதி.

அடுப்பு அணைந்திருந்தது. எப்போது அணைந்தது?

நீர் அசைந்தது. ஒரு வளையம். இன்னொன்று. இரண்டிரண்டாக. சீராக. அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

வளையங்கள் வேகமாயின. அவன் நெஞ்சும். இல்லை.

நீர் முதலில் துடித்தது. நெஞ்சு அதன் பின்னால் துடித்தது.

நீர். பிறகு நெஞ்சு.

நீர் மெதுவாயிற்று. நெஞ்சும் மெதுவாயிற்று.

நீர்.

நெஞ்சு.

துளையில் நீர் கண்ணாடிபோல் சமமாயிற்று. லோவல் அதையே பார்த்தபடி, அடுத்த வளையத்துக்காகக் காத்திருந்தான்.