ஒற்றைப் பூட்டு

மின்சாரத்தை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் போர்டு இரைந்துகொண்டிருந்தது.

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் அந்த அடுக்குமாடியின் அடித்தளத்துச் சுவிட்ச் அறையில், டார்ச் வெளிச்சத்தில் நின்றிருந்த லெஸ்லி காதைத் தீட்டிக்கொண்டான். பக்கத்து அறை டிரான்ஸ்ஃபார்மராக இருக்குமோ என்று சுவரில் காதை வைத்துப் பார்த்தான். சுவர் சும்மா இருந்தது. சத்தம் இந்த இரும்பு அலமாரிகளுக்குள்ளிருந்துதான் வந்தது, சூடான ரப்பர் வாடையோடு, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போல.

மெயின் சுவிட்சில் ஒரே ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் கட்டியிருந்த பெயரட்டையின் படத்தில் குணாளன் பல்லைக் காட்டிச் சிரித்தான். உள்ளே கை வைக்கிற ஒவ்வொருவனும் தன் சொந்தப் பூட்டை அங்கே மாட்டவேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். அதுதான் அங்கே சட்டம். குணாளன் மேல்மாடியில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தான். லெஸ்லிக்குக் கீழே காவல். காவலாம் காவல்! நேற்று வந்த பயல் பரீட்சை எழுதி, மின்வேலைக்கெல்லாம் பொறுப்பான சார்ஜ்மேன் ஆகிவிட்டான், குடியிருப்புக்காரர்கள் கேக் வேறு வெட்டினார்கள். வினிஃப்ரெட்டாவது சும்மா இருந்தாளா? "குணா நல்ல பையன்லா. நீங்களும் அந்தப் பரீட்சைய எழுதியிருக்கலாம்" என்றாள், கட்டிய புருஷனிடமே. லெஸ்லிக்கு வயிறு எரிந்தது. வெட்கமே இல்லாமல் எரிந்தது.

எரிய எரிய, இரைச்சலும் கூடியது.

"அண்ணே, கீழ எல்லாம் ஓக்கேயா?" வாக்கி டாக்கியில் குணாளன்.

போர்டு இரைகிறது என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அவன் இறங்கி வருவான், கண்டுபிடிப்பான், அதற்கும் ஒரு கேக் வெட்டுவார்கள்.

"ஓக்கே லா" என்று சொல்லி, வாக்கி டாக்கியை மேசைமேல் வைத்தான்.

தானே பார்த்துவிடலாம். தன் பூட்டை எடுத்துக்கொண்டு சுவிட்சருகே போனான். பூட்டு மாட்டக் காலியாக இருந்த துளை குணாளனின் பூட்டுக்குக் கீழே இருந்தது. அவன் காலடியில் என் படமா? சீ! பூட்டைத் திரும்பக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேர வேலைதானே.

போர்டின் பின்பக்கம் போய், ஆளுயரக் கதவைத் திறந்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்தான், மின்சாரம் இல்லை. ஆனாலும் இரைச்சல் இருந்தது. உள்ளே நுழைந்து செம்புப் பட்டையைத் தொட்டான். உடம்புச் சூடு.

அந்த முனகல் அவனுக்குத் தெரிந்த குரல். குணாளனை நினைத்துப் படுக்கையில் புரண்ட நேரமெல்லாம் தன் தொண்டையிலிருந்தே வந்த குரல்.

டார்ச் அணைந்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது, மெதுவாக. கையை இழுத்தான். வரவில்லை. மின்சாரம் இல்லாத செம்பில் விரல்கள் ஒட்டிக்கிடந்தன. மாதாவே.

காலடி ஓசை.

முன்தகட்டின் காற்றுத் துளைகள் வழியே வெளிச்சம் வந்தது.

"அண்ணே, வேலை முடிஞ்சிருச்சு! பவர் போடப்போறேன்!" குணாளனின் குரல் அறையிலும் மேசைமேலிருந்த வாக்கி டாக்கியிலும் ஒன்றாகக் கேட்டது. "அட, வாக்கி டாக்கிய வச்சிட்டுப் போயிட்டாரா? தே தாரிக் குடிக்கப் போயிருப்பாரு போல."

டார்ச் வெளிச்சம் சுவிட்சில் நின்றது. ஒரே பூட்டு. குணாளனுடைய பூட்டு.

குணா, நான் உள்ள இருக்கேன்! லெஸ்லி வாயைத் திறந்தான்.

இரைச்சல்தான் வந்தது.

மறுபடி கத்தினான். மறுபடியும் இரைச்சல்.

"இந்த டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் வேற" என்றான் குணாளன்.

சாவி திரும்பியது. துளைகளுக்கு அப்பால் சிவப்புப் பூட்டு குணாளனின் விரலில் ஆடியது. அட்டையில் அதே சிரிப்பு. லெஸ்லியின் பைக்குள் மாட்டப்படாத பூட்டு தொடையை அழுத்தியது.

கைப்பிடியில் ஒரு கை விழுந்தது.

இரைச்சல் நின்றது. லெஸ்லியின் வாய் மட்டும் மூடவில்லை.