அஸ்மினின் முதல் வார்த்தை

"உம்மா" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது. கடற்பக்கமிருந்து, தெளிவாக, ஒரே ஒரு தரம்.

ஸபீனா திடுக்கிட்டுத் திரும்பினாள். அஸ்மின் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். ஈர மணலில் கால்களை நீட்டிக்கொண்டு, சீனிப் பணிஸ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சூப்பிக்கொண்டிருந்தான். வாய் நிறையப் பணிஸ். இரண்டே முக்கால் வயதாகியும் அந்த வாய் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடலில் ஒருவரும் இல்லை. மாசி மாதத்துக் கடல் குளம் போல அசையாமல் கிடந்தது. கருவாட்டு வாடையும் உப்பும் கலந்த காற்று கிடுகு வேலியை மெல்ல உரசிக்கொண்டிருந்தது. மிகத் தூரத்தில், கற்பிட்டிப் பக்கமாக, ஒரு தோணி கரும்புள்ளியாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

"பிள்ளைச் சத்தம் ஒண்டு கேட்டிச்சா உங்களுக்கு?"

முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு சாய்வுக் கதிரையில் கிடந்த மிஹ்லார் அசையவில்லை. "மீன் பிடிக்கிற ஆக்கள்ட பிள்ளையா இருக்கும். மூணு நாளைக்காவது ஒண்டையும் யோசிக்காம இரிங்களேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இப்படிக் கடற்கரையில் வாடகைக்கு வீடெடுத்து எங்கும் வந்து தங்கியதில்லை. புத்தளத்தில் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை, வீடு, கிளினிக் என்று நான்கு வருடம் ஓடிவிட்டது. அஸ்மினுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, தன் நேரம் வரும்போது கதைப்பான் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். மிஹ்லாரின் உம்மா, அவளுடைய மாமி, அதை நம்பவில்லை. "உம்மாக்காரி பிள்ளையோட கதைச்சாத்தானே பிள்ளை கதைக்கும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

ஸபீனா கதைக்காமல் இருந்ததே இல்லை. அவன் பதிலுக்குக் கொடுத்தது ஒரு முனகலைத்தான். உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே முனகுவான். பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, சும்மா சந்தோசத்துக்கு ஒன்று. நித்திரை வந்தால் நெற்றியை அவள் கழுத்தில் வைத்து முனகுவான்; அந்த அதிர்வு அவளுடைய எலும்புவரைக்கும் இறங்கும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு மட்டும் எல்லாம் விளங்கும். விளங்கினாலும் அது அவளுக்குப் போதவில்லை.

அன்று சமைத்துக்கொடுக்க வந்த அல்பொன்சாவிடம், பக்கத்தில் யாருடைய பிள்ளைகள் என்று விசாரித்தாள். அல்பொன்சா மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தாமல், "இந்தப் பக்கம் பிள்ளையள் இல்ல தங்கச்சி. மீன்காரர் இருக்கிற வாடியெல்லாம் ரெண்டு கட்டை தூரம் தள்ளி" என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, எதிரே வந்த அஸ்மினைத் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சினாள்.

இரண்டாம் நாள் காலையில் ஸபீனா படமட்டைகளை எடுத்துக்கொண்டு மகனோடு கடற்கரைக்குப் போனாள். கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த பாடம்: படத்தைக் காட்ட வேண்டும், சொல்லைச் சொல்ல வேண்டும், பிள்ளை சொல்வதற்கு நேரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

"பாண்" என்றாள். காத்திருந்தாள். அஸ்மின் ஒரு சிப்பியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"பூனை."

"பூன" என்றது கடல்.

மழலை. நாக்கு இன்னும் படியாத, பால் மணக்கிற மழலை. அலை மடிகிற இடத்துக்கு அப்பால், ஆளில்லாத வெளிச்சத்திலிருந்து வந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் நினைத்தாள். ஆனால் இவ்வளவு காலமாக எதற்காகக் காத்திருந்தாளோ அந்த இடைவெளியில், அந்தச் சரியான கணத்தில் வந்து விழுந்த சொல் அது.

"தண்ணி" என்றாள், மிக மெதுவாக.

"தண்ணி."

"கெட்டிக்காரன்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அஸ்மின் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல.

மிஹ்லாரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குரல் போய்விடும் என்று பயந்தாள். அன்றிரவு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இந்தக் குரல் என் பிள்ளையிடம் இருந்திருக்கக் கூடாதா? நினைத்த உடனே வெட்கப்பட்டு, தூங்குகிறவனின் தலையைத் தடவிவிட்டாள். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

மூன்றாம் நாள் பின்னேரம் மிஹ்லார் கருவாடு வாங்கக் கற்பிட்டிக்குப் போனான். ஸபீனா கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். அஸ்மின் அவள் முதுகுக்குப் பின்னால் மணல் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். சொல்லுக்குச் சொல் வந்துகொண்டிருந்தது. நிலா. பந்து. வாப்பா. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் கவனமாகக் கேட்பதற்காக அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அஸ்மின் வந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். முனகினான். என்னைப் பாருங்கள் என்கிற முனகல்.

"ஷ்ஷ். கொஞ்சம் இரிங்க மகன்."

சட்டையிலிருந்து அந்தச் சின்னக் கை விடுபட்டது.

"உம்மா" என்றது குரல். இந்த முறை அவள் சொல்லிக்கொடுக்காமலே. "உம்மா, வரட்டா?"

அவளுடைய மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வாங்க" என்றாள். "வாங்க மகன், வாங்க."

கண்ணைத் திறந்தபோது அஸ்மின் அலைக்குள்ளிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேராக வந்து அவள் முன்னால் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "உம்மா" என்றான்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அலறிக்கொண்டு அவனை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

மிஹ்லார் திரும்பி வந்து அதைக் கேட்டபோது கருவாட்டுப் பையை நிலத்தில் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். தன் உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தான். "மாஷா அல்லாஹ், கேளுங்க, கேளுங்க!" பிள்ளை தொலைபேசியைப் பார்த்து, "வாப்பும்மா, சொகமா இரிக்கிறீங்களா?" என்று கேட்டது. முழு வசனம். மறுபக்கத்தில் மாமி விம்மினார்.

அல்பொன்சா சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை. பிள்ளையைத் தூக்கவும் இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், போய்விட்டாள்.

ஸபீனா அவனைக் குளிப்பாட்டினாள். சுடுதண்ணீர் வார்க்க வார்க்க உடம்பு குளிர்ந்தே இருந்தது. அவன் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். வாளி. சவர்க்காரம். பல்லி. எதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. அவன் அவளுடைய கண்ணைப் பார்க்கவே இல்லை; வாயை, அது அசைகிற விதத்தை மட்டும் பார்த்தான். அவள் அவனுடைய நெற்றியை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். கல் போல இருந்தது. அதிர்வு இல்லை.

"என்ன செய்யிறீங்க உம்மா?" என்று அவன் மரியாதையாகக் கேட்டான்.

எங்கோ தூரத்தில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். மிஹ்லார் தொழுகைப் பாயை விரித்தான். பாங்கு முடிந்ததும் காற்று நின்றது.

அப்போது கேட்டது.

கடலிலிருந்து. உதட்டை மூடிக்கொண்டு, தொண்டைக்குள். முனகல். பயத்தின் முனகல்.

துவாய் கையிலிருந்து விழுந்தது. ஓடினாள். வேலியைத் தாண்டினாள். மணல். ஈர மணல். தண்ணீர். முழங்கால். இடுப்பு.

"அஸ்மின்! உம்மா வாறன்! அஸ்மின்!"

தொழுகையை முறித்துக்கொண்டு மிஹ்லார் கரைக்கு ஓடிவந்தான். கையில் பிள்ளை. "ஸபீனா! என்ன விசர் உங்களுக்கு? பிள்ளை இஞ்ச, என்ட கையில!"

"அவன் இல்ல அது! அவன் அங்க! பயந்து அழுறான், கேக்கலயா?"

"ஒரு சத்தமும் இல்ல! வெளிய வாங்க!"

கையிலிருந்த பிள்ளை அழவில்லை. "உம்மா, அங்க போகாதீங்க" என்றது, மெதுவாக, அழகாக. "அவனுக்குக் கதைக்கத் தெரியாதே."

ஸபீனா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. முனகல் தூரப்போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் அவனுக்குப் புரியுமா? அவளுக்குத் தெரிந்த சொற்கள் எதுவும் அவனுடையவை அல்ல. உதட்டை மூடினாள். அவனைப் போலவே முனகினாள். வாழ்நாளில் முதல் முறையாக, அவனுடைய பாஷையில்.

முனகல் நின்றது.

பிறகு பதில் வந்தது. இடது பக்கமிருந்து.

பிறகு வலது பக்கமிருந்து.

பிறகு அதற்கும் அப்பால். தொலைவில். இன்னும் தொலைவில். ஒன்று. பத்து. கரை நெடுக, வானம் தண்ணீரைத் தொடுகிற இடம்வரை. எல்லாம் சின்னத் தொண்டைகள். எல்லாம் மூடிய உதடுகள். எந்தக் காலத்தில் எந்தெந்தத் தாய் கண்ணை மூடிக்கொண்டு 'வாங்க' என்று சொன்னாளோ, அத்தனை பிள்ளைகளும்.

அவள் காது கொடுத்தாள். இதுவா? இல்லை. இதுவா? இதுவா?

தெரியவில்லை. உலகத்தில் அவளுக்கு மட்டுமே தெரிந்திருந்த சத்தம். தெரியவில்லை.

இருட்டிக்கொண்டு வந்த தண்ணீருக்கு மேலே அவள் இரண்டு கைகளையும் விரித்தாள்.

அத்தனை முனகல்களும் அவள் பக்கம் திரும்பின.