பெயரில்லாத வாத்துகள்

காலை எட்டரைக்கு மணி அடித்ததும் என் இரண்டாம் வகுப்பின் இருபத்துநான்கு குழந்தைகளும் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொள்வார்கள். சுவரிலிருக்கும் கதைசொல்லி தொண்டையைச் செருமும். இயந்திரத்துக்கு எதற்கு இந்தச் செருமல் என்று தினமும் எனக்கு எரிச்சல் வரும். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று எந்த மேதாவியோ சேர்த்திருக்கிறான்.

"ஒரு குளத்தில் பன்னிரண்டு வாத்துக்குஞ்சுகள் நீந்தின. நரி வந்து மூன்றைக் கவ்விக்கொண்டு போனது. மீதி எத்தனை?"

நான்கு விநாடிதான் கெடு. விடையை மனதில் நினைத்தால் போதும், பட்டை படித்துவிடும். இருபத்துமூன்று நெற்றிகளில் பச்சை விளக்கு எரிந்தது. கடைசி வரிசையில் அமலிக்கு மட்டும் சிவப்பு. மூன்று வாரமாக இதே வாத்துகளை வைத்துத்தான் கணக்கு, அவளுக்குத் தினமும் இப்படித்தான்.

கதைக்கணிதச் சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. கணக்கில்லாத கதையைக் குழந்தைக்குச் சொல்லக் கூடாது, வீட்டிலும்கூட. கதையில் வரும் எந்த உயிருக்கும் பெயர் இருக்கக் கூடாது. பெயர் வைத்தால் குழந்தை அதையே நினைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. விடை இரண்டு விநாடி தாமதமாகிறது. இதைப் பக்கம் பக்கமாக நிரூபித்து விருது வாங்கிய புண்ணியவதி நான்தான். பிள்ளைகளுக்குக் கணக்கின் மேலிருக்கும் பயம் போய்விடும் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். பயம் போனது என்னவோ உண்மை.

அன்று தண்டபாணி வந்தார். கற்றல்வேகத் துறையின் மேற்பார்வையாளர். சிரிக்கும்போதுகூடக் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். அமலியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"பன்னெண்டுல மூணு போனா எவ்ளோம்மா?"

"ஒம்போது சார்."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் செவப்பு எரியுது?"

அமலி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நரி யாரத் தூக்கிட்டுப் போச்சுன்னு கதைல சொல்லவே இல்ல சார். சொட்டையா, குண்டம்மாவா, நொண்டிக்காலனா? அத யோசிக்கறதுக்குள்ள நேரம் போயிடுது."

பன்னிரண்டுக்கும் பெயர் வைத்திருந்தாள்.

"இந்தப் பேரெல்லாம் வேற யார்கிட்டயாவது சொன்னியா?" தண்டபாணியின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"சாப்பிடறப்ப இர்பான்கிட்ட சொன்னேன்."

அவர் கைப்பலகையில் இர்பானின் வரைபடத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரே வாரத்தில் அரை விநாடி மந்தம்.

"பாத்தீங்களா மேடம்? ஒட்டுவாரொட்டி. பொண்ண தனிக்காப்பு மையத்துக்கு அனுப்பணும். கையெழுத்துப் போடுங்க."

"ஏழு வயசுக் கொழந்த சார். அங்க போனா பதினெட்டு வயசு வரைக்கும் வீட்டுக்கே விட மாட்டீங்க. சரியாத்தான விடை சொல்றா?"

"லேட்டா சொல்றா. லேட்டா வர்ற சரியும் தப்புதான்னு எழுதினது நான் இல்ல. உங்க ஆய்வறிக்கை, பதினாலாம் பக்கம்."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"கிழிக்கலாம். நாளைக்கு வேற டீச்சர் வந்து கையெழுத்துப் போடுவாங்க. நீங்க வீட்ல உக்காந்திருப்பீங்க."

போட்டேன். நான் கோழை, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அமலி பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உள்பக்கம் இன்னும் வியர்வை ஈரம் இருந்தது.

"மிஸ், சொட்டைய நான் ஒளிச்சு வெச்சிட்டேன், நரிக்குக் கெடைக்காதுன்னு இர்பான்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

சொல்ல முடியவில்லை. இர்பானை அதற்குள் திருத்தப் பயிற்சிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்து இடம் காலி. கதைசொல்லி செருமியது. வகுப்பில் நடப்பதை வைத்துக் கதை கட்டும் புதிய வசதியை அதற்குச் சேர்த்திருந்தார்கள்.

"ஒரு வகுப்பில் இருபத்துநான்கு குழந்தைகள் இருந்தார்கள். ஒரு குழந்தை போய்விட்டது. மீதி எத்தனை?"

ஒரு விநாடிகூட ஆகவில்லை. இருபத்துமூன்று பச்சை. எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் தொடாத வேகம். "பலே!" என்றது இயந்திரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டமாவது மண்ணாவது என்று இர்பானின் எதிரில் போய் மண்டியிட்டேன்.

"இர்பான், யாருடா போனது? நல்லா யோசிச்சுச் சொல்லு. நேரம் எடுத்துக்கோ. யாரு போனா?"

அவன் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணு, மிஸ்."

அவன் நெற்றியில் பச்சை எரிந்தது.