மருதாயி பெரியம்மாவின் ஐந்து கோழிகள்

போர் தொடங்கி நான்கு நாளாகிவிட்டது. அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கடலைத் தாண்டிச் சாத்தம் போகும் ஃபெர்ரிப் படகும் ஓடவில்லை. சைரன் ஊதினால் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். மறுபடி ஊதும்வரை வெளியே வரக்கூடாது.

பத்து வயது ஜஸ்னாவின் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடை மட்டும்தான். அங்கே பாய் விரித்து அத்தா, அம்மா, தம்பி ஆரிப், ஜஸ்னா நால்வரும் உட்கார்ந்துகொள்வார்கள். அம்மா அங்கேயே கீரை ஆய்வார். கடலில் எங்கோ தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கும். ஆரிப் காதைப் பொத்திக்கொண்டு அழுவான்.

ஜஸ்னாவின் கவலை வேறு. பக்கத்து வீட்டு மருதாயி பெரியம்மாவுக்குக் காது கேட்காது. தனியாக இருக்கிறார். அன்று காலை சைரன் ஊதியபோது அவர் பாட்டுக்கு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தாதான் ஓடிப்போய்ச் சைகை காட்டி உள்ளே அனுப்பிவிட்டு வந்தார்.

“நம்ம வீட்டுக்கே வந்துடுங்கன்னு நேத்தே கூப்பிட்டேன். மாட்டேங்கிறாங்க,” என்றார் அம்மா.

ஏன் மாட்டேன் என்கிறார்? அது யாருக்கும் தெரியவில்லை.

வெளியே போகலாம் என்று சைரன் ஊதியதும் ஜஸ்னா நேராகப் பெரியம்மாவிடம் போனாள். கையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டைக் காட்டினாள். பெரியம்மா தலையாட்டி மறுத்தார். ஆனால் அவர் கண் கொல்லைப்பக்கம் இருந்த கோழிக்கூண்டுக்குப் போய்வந்தது.

ஜஸ்னாவும் கூண்டைக் காட்டி, ‘இதுக்காகவா?’ என்பதுபோலப் பார்த்தாள்.

“அதுங்கள வெளிய விட்டுட்டு நான் மட்டும் எப்படிம்மா வர்றது?” என்றார் பெரியம்மா.

ஜஸ்னா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். கோழிகளைக் குளியலறையில் விடலாம் என்றும் சொன்னாள். ஐந்து கோழி வீட்டுக்குள் இருந்தால் நாற்றம் தாங்காது என்றார் அத்தா.

“நான் கழுவி விடுறேன் அத்தா. கோழி வந்தாத்தான் பெரியம்மா வருவாங்க.”

அத்தா பெரிய கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

மதியம் மறுபடி சைரன் ஊதியது. நடையில் இப்போது ஐந்து பேர். ஆரிப் காதைப் பொத்தக் கையைத் தூக்கினான். அதற்குள் ஒரு சிவப்புக் கோழி குளியலறைக் கதவை முட்டித் திறந்துகொண்டு வந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. கடைசியில் அத்தாவின் மடியில் ஏறி வசதியாக உட்கார்ந்தது.

அத்தா எழப் பார்த்தார். பெரியம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

“அசையாதீங்க தம்பி. முட்டை போடப் போறா.”

அத்தா அசையவில்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார். அவர் முகத்தைப் பார்த்த ஆரிப் காதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் சிரிப்பு பிதுங்கியது.

வெளியே போகலாம் என்று சைரன் ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. சிவப்புக் கோழி இன்னும் முடிக்கவில்லை.