ஆவிச்சுனையில் ஒரு சத்தியம்

மேற்கு வானத்தின் செம்மை தேன்வரை மலையின் முகடுகளில் இன்னும் மிச்சமிருந்தது. உச்சி வானிலோ அரைநிலவு வெளிறிய முகத்தோடு அந்தச் செம்மை வடிவதற்காகக் காத்திருந்தது. இரண்டு ஒளிகளுக்கும் நடுவே, கரும்பாறைப் பிளவு ஒன்றிலிருந்து வெண்ணிற ஆவி சுருள் சுருளாக எழுந்து, மூங்கில் புதர்களைத் தழுவி, மேலேயிருந்த சிறிய முருகன் கோயிலை மறைத்தும் காட்டியும் விளையாடிக்கொண்டிருந்தது. வாசக நண்பர்களே, அந்த ஆவியை நோக்கி வெற்றிலைக் கூடையுடன் ஏறி வரும் இளைஞனோடு நாமும் சற்று ஏறுவோம். நமக்கு அங்கே ஆபத்து ஒன்றுமில்லை, அவனுக்கு உண்டு.

ஏனெனில் அவன் வெற்றிலை வணிகன் அல்லன். கரும்பூர்ப் படைத்தலைவன் இளங்கண்டன். சமவெளியிலிருந்த கரும்பூருக்கும் இந்தத் தேன்வரை நாட்டுக்கும் மூன்று ஆண்டுகளாகப் போர். சென்ற ஐப்பசியில் மலைநாட்டு அம்பு ஒன்று அவன் வலத்தோளில் பாய்ந்தது. புண் ஆறிவிட்டது, தோள் மட்டும் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழ மறுத்தது. எட்டு நாளில் வரும் பௌர்ணமியன்று அரசர் முன்னிலையில் அவன் வில்லை வளைத்துக் காட்டவேண்டும். இயலாவிட்டால் படைத்தலைமை, வேட்டன் என்பவனுக்குப் போய்விடும். மலையூர்களைக் கொளுத்தினால்தான் போர் முடியும் என்று சபையிலேயே சொன்னவன் அந்த வேட்டன். இறுகிய மூட்டை இளக்கும் வெந்நீர் ஊற்று பகைவர் மலையில்தான் இருக்கிறது என்று அறிந்தபோது, இளங்கண்டன் குலதெய்வத்தை வணங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆவிச்சுனைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுதம் தாங்கியவர்கள் மலையடி வாயிலோடு நின்றுவிட வேண்டும். மேலே ஏறியவரை யாரும் ஊரும் பேரும் கேட்பதில்லை. ஊற்று நீர் கொதிக்கும். பக்கத்து ஓடையின் நீரோ பனி போலிருக்கும். இரண்டையும் கலந்துதான் குளிக்க வேண்டும். ஆனால் எவரும் தமக்குத் தாமே கலந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது. முன்னால் வந்தவருக்குப் பின்னால் வந்தவர் ஊற்றுவார். பிறகு அவருக்கு இவர் ஊற்றுவார். முருகனே வகுத்த முறை என்று மலைமக்கள் சொல்வார்கள்.

அன்று முன்னால் வந்து பாறையில் அமர்ந்திருந்தவர் பருத்த உடலும் நரைத்த மீசையும் உடைய ஒரு பெரியவர். கோயில் படியில் அவர் மகள் பூதி அகல்களுக்குத் திரி இட்டுக்கொண்டிருந்தாள்.

"வெற்றிலைக்காரர் நடக்கும் நடையா இது, தம்பி? நீர் ஊர் போய்ச் சேர்வதற்குள் இலை சருகாகிவிடும்" என்றார் பெரியவர்.

"அவர் சொல்வதைப் பொருட்படுத்தாதீர், வணிகரே" என்றாள் பூதி. "இன்று காலையிலிருந்து அவருக்குத் திட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை."

இளங்கண்டன் சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்து நீர் கலந்து பெரியவரின் பாதங்களில் ஊற்றினான். சூடு போதாது என்றார் அவர். இன்னும் கொஞ்சம் ஊற்று நீர் சேர்த்தான். இதுவும் போதாது என்றார். அப்போதுதான் அவர் கால்களை அவன் உற்றுப் பார்த்தான். தோல் கன்றிச் சிவந்திருந்தது; கணுக்காலில் பழைய பாம்புக்கடித் தழும்பு; விரலோரத்தில் நேற்று எழும்பிய கொப்புளம் ஒன்று. அந்தப் பாதங்களில் உணர்ச்சியே இல்லை என்பதும், அதைப் பிறரிடம் சொல்ல அந்தப் பெரிய மனிதர் கூசுகிறார் என்பதும் அவனுக்கு விளங்கின.

வாசகர்களே, வேறொருவனாக இருந்தால் அதை அவர் மகள் காதுபடச் சொல்லியிருப்பான். இளங்கண்டனோ, தனக்கு ஆவி பட்டாலே தலை சுற்றும் என்றும், தன் பொருட்டுக் கொஞ்சம் ஆறிய நீரில் குளிக்க வேண்டும் என்றும் பெரியவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். பிறகு மும்முறை ஓடைக்கு நடந்து, இறுகிய தோள் வலிக்க வலிக்கக் குளிர்நீர் கொண்டுவந்து, ஒவ்வொரு குடத்தையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்பே ஊற்றினான். பெரியவர் தம் முறை வந்ததும் அவன் தோளில் அரை நாழிகை நேரம் வெந்நீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, இந்த வயதில் இப்படி நோஞ்சானாக இருந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று விசாரித்தார். தோளுக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்வதுபோல் இருந்தது இளங்கண்டனுக்கு. பல மாதங்களுக்குப் பிறகு அவன் மனம் துள்ளியது.

அந்த மகிழ்ச்சியே அவனுக்கு வினையாயிற்று. பூதி தொன்னையில் கொண்டுவந்து தந்த சுனைநீரை வாங்கியவன், குடிப்பதற்கு முன் மூன்று துளி தரையில் விட்டான். போரில் மாண்ட தோழர்களை நினைத்துக் கரும்பூர் வீரர்கள் மட்டுமே செய்யும் செயல் அது. மூன்று ஆண்டுப் போரில் மலைநாட்டார் அனைவரும் அதை அறிந்திருந்தார்கள்.

பூதியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "வெற்றிலை வணிகர்கள் யாருக்காக மூன்று துளி விடுவார்கள்?" என்று மெல்லக் கேட்டாள். "ஊரும் பேரும் கேட்கலாகாது என்பது வழக்கம். ஆகையால் நான் கேட்கவில்லை. நான் ஒரு குரல் கொடுத்தால் மலையடியில் நிற்கும் இருபது வேல்வீரர்கள் கேட்பார்கள்."

தப்பி ஓடலாம். ஆனால் முருகன் சந்நிதியில், கால் கழுவிய ஈரம் காயாத இடத்தில் பொய் சொல்ல இளங்கண்டனுக்கு நா எழவில்லை. தன் பெயரையும், தோளையும், பௌர்ணமியையும், வேட்டனையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தான்.

"குரல் கொடுப்பதற்கு முன் என் காலைப் பார், அம்மா" என்றார் பெரியவர். "நேற்று ஊற்றியவன் நம் நாட்டான். நான் கேட்டபடியெல்லாம் ஊற்றிக் கொப்புளம் வரவழைத்தான். இந்தப் பாதங்களுக்கு உணர்ச்சி போய் ஓராண்டாகிறது. உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. இந்தப் பகைவன் கண்டுகொண்டான். கண்டும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை."

பூதி அந்தப் பாதங்களருகே உட்கார்ந்து, கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் இந்தத் தோள் குணமாவது நமக்கும் நல்லதுதான், அப்பா" என்றாள்.

பெரியவர் நிமிர்ந்தார். "படைத்தலைவரே, தேன்வரை நாட்டை ஆளும் வேள் நான்தான். உம் கைக்கு வில் திரும்பினால் என்ன செய்வீர்?"

இளங்கண்டன் திகைத்து எழுந்து கைகூப்பினான். தன் கையில் தலைமை இருக்கும்வரை இந்த மலையில் ஒரு தீப்பந்தமும் ஏறாது என்றும், சமாதானத்துக்காக அரசரிடம் தானே வாதாடுவதாகவும் சொன்னான். மலைநாட்டில் சத்தியம் செய்பவர் வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி முருகனை நோக்கிச் சொல்லவேண்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினான். கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது.

பூதி அதை அளவெடுப்பவள்போல் பார்த்தாள். "இது பாதிச் சத்தியந்தான். முழுதும் செய்யும்வரை உம்மை இங்கிருந்து விடுவதற்கில்லை" என்றாள்.

வேள் உரக்கச் சிரித்தார். வெற்றிலை வணிகர் ஆறு நாள் தம் விருந்தாளி என்று காவலருக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த ஆறு நாளும் காலையும் மாலையும் வேள் நீர் ஊற்றினார், திட்டினார். பூதி மூலிகை எண்ணெய் காய்ச்சித் தந்தாள். கை எவ்வளவு உயர்ந்தது என்று நாள்தோறும் மூங்கிலில் கீறிக் குறித்தாள். ஒருநாள் கீறல் முந்தைய நாளைவிடத் தாழ்ந்திருந்தபோது, அவன் வேண்டுமென்றே கையைத் தாழ்த்துவதாக அவள் குற்றம் சாட்டினாள். அவன் அதை மறுக்கவில்லை.

ஆறாம் நாள் அதிகாலை, பனி விலகிய கோயில் முன்றிலில், இளங்கண்டனின் வலக்கை வேல்போல் நிமிர்ந்து தலைக்கு மேல் எழுந்தது. வேளும் பூதியும் கேட்க, ஒரு சொல் குறையாமல் அவன் சத்தியத்தைச் சொல்லி முடித்தான். பிறகும் கையை இறக்கவில்லை.

"முடிந்துவிட்டதே, கை வலிக்கப்போகிறது" என்றாள் பூதி.

"இன்னொரு சத்தியம் இருக்கிறது. அது நாட்டைப் பற்றியது அல்ல" என்றான் அவன், அவளைப் பார்த்தபடி.

வேள் திடீரென்று தம் மீசையில் ஏதோ தேடத் தொடங்கினார். பூதியின் முகத்தில் கீழ்வானத்தின் சிவப்பெல்லாம் வந்து சேர்ந்தது. ஆனாலும் குரல் தடுமாறாமல் சொன்னாள்: "அதைக் கூடையோடு வந்தவரிடம் நான் கேட்கமாட்டேன். வில்லை வளைத்துவிட்டு, உம்முடைய பெயரோடு இந்த மலையேறி வாரும். நான் இதே படியில் இருப்பேன்."